ஒரு மெழுகுக் கட்டிக்காக மூன்று பயணங்கள்

அக்காவுக்கு வயது 58. மார்பகக் கட்டி 1.8 செ.மீ.; அதன் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கான ஏற்பி உண்டு, ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லை, அக்குள் நெறிக்கட்டுகளில் பரவவில்லை. கீமோ தேவையா என்று தீர்மானிக்க ஆன்கோடைப் டிஎக்ஸ் பரிசோதனை செய்யலாம் என்றார், இரண்டாம் கருத்துக்காக நாங்கள் பார்த்த மருத்துவர். கட்டியின் திசுவில் 21 மரபணுக்கள் எந்த அளவில் செயல்படுகின்றன என்று அளந்து, 0 முதல் 100 வரை மதிப்பெண் தருவார்கள்; மதிப்பெண் கூடினால் நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதல். கட்டணம் லட்சங்களில். ஆனால் பணத்தைவிடப் பெரும்பாடாக இருந்தது, அந்தத் திசுவைக் கையில் வாங்குவதுதான்.

அகற்றிய திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியான பாரஃபின் பிளாக், அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில் இருந்தது. பெங்களூரு அல்சூரிலிருந்து நகரின் மறுகோடிக்குச் சென்ற முதல் நாள், நோயாளி நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார் எழுத்தர். அதிகாரக் கடிதத்தையும் ஆதார் நகலையும் காட்டினேன்; கன்னடத்தில் ‘ஆகல்ல’ (முடியாது) என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. வடிகுழாய்கூட எடுக்கப்படாத அக்காவை மறுநாள் ஆட்டோவில் அழைத்துச் சென்றேன். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் கையை இறுகப் பற்றியதை இன்னும் மறக்க முடியவில்லை.

கையெழுத்திட்டு வாங்கிய பிளாக்கும் தவறானது. அனுப்புவதற்கு முன் சரிபார்த்த நோயியல் மருத்துவர், அது நெறிக்கட்டுத் திசு, இதில் புற்றுநோய் செல்லே இல்லை என்றார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அது கலிபோர்னியா ஆய்வகம்வரை போய்த் திரும்பியிருக்கும். கீமோ தேவைப்பட்டால் தொடங்குவதற்கு இருந்த வாரங்களும் வீணாகியிருக்கும். ஆகவே திசு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டி அதிகம் உள்ள பிளாக்கின் எண்ணை மருத்துவரிடமே குறித்து வாங்குங்கள்; கொடுக்கப்படும் பிளாக்கின் மேல் அதே எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

மூன்றாம் பயணத்தில் சரியான பிளாக் கிடைத்தது. அனுப்பியது, காத்திருந்தது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

மதிப்பெண் 14. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்று 2018-இல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வில், 11 முதல் 25 வரை பெற்ற, 50 வயதைக் கடந்த பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சையுடன் கீமோவும் சேர்த்ததால் கூடுதல் பயன் காணப்படவில்லை என்று மருத்துவர் விளக்கினார். அக்கா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள், பிறகுதான் அழுதாள். அன்று மாலையே ஹார்மோன் சிகிச்சை மாத்திரை தொடங்கியது. பிளாக் திரும்பி வந்ததும் நானே கொண்டுபோய் ஒப்படைத்து, எண் குறித்த ரசீதை வாங்கி அவளுடைய கோப்பில் வைத்திருக்கிறேன்.