மேட்டு லயத்துப் பாலன்

பொருத்தனை அம்மாவுடையது. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியபோது அம்மா அந்தச் சனத்துக்குள் நின்றார். அக்காவுக்கு ஒரு பிள்ளை கிடைத்தால், தான் ஞானஸ்நானம் பெற்ற மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு நத்தார் (கிறிஸ்மஸ்) இரவில் கொண்டுபோய்க் குடிலுக்கு முன்னால் கிடத்தி எடுப்பதாக அங்கேயே வேண்டிக்கொண்டார். புனிதர் அவசரப்படவில்லை. வைத்தியர்கள் கைவிரித்து, அக்காவும் மச்சானும் அந்தப் பேச்சையே விட்ட பிறகுதான் கொடுத்தார். பெண்பிள்ளை. போன நத்தாருக்குக் கைக்குழந்தை.

ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் வாயில் செபம் வராது. முன்பதிவுச் சீட்டு முடிந்துவிட்டது என்று உள்ளே சொல்கிறார்கள். வெளியே ஒருவன் அதே சீட்டை இரண்டு மடங்கு விலைக்கு வைத்துக்கொண்டு நிற்கிறான். மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே போனோம். நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் பிடித்ததும் பிள்ளையைக் கம்பளியால் சுற்றினோம்.

ஹட்டனில் இறங்கினால் இன்னொரு கூத்து. டிசம்பர் பௌர்ணமியான உண்டுவப் போயாவோடு சிவனொளிபாதமலைக் காலம் தொடங்கிவிடுகிறது அல்லவா? "நல்லதண்ணியா, நல்லதண்ணியா?" என்று மலையடிவார ஊரின் பெயரைச் சொல்லி வான்காரர்கள் பையைப் பிடித்து இழுத்தார்கள். பால்போத்தலும் கையுமாக நிற்கிற நாங்களா மலை ஏறப்போகிறோம்? நோர்வூட் பக்கத்துத் தோட்டம் என்றதும் வாடகை ஏறியது. "திரும்பி வர ஆள் கிடைக்காது அக்கா." கேட்டதைக் கொடுத்தும், ரோடு உடைந்து கிடந்த இடத்தில் ஆட்டோ எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தூறல், இருட்டு, அம்மாவின் முழங்கால் வலி. பின்னால் வந்த கொழுந்து லொறி நிற்காமல் போயிருந்தால் பூசையைத் தவறவிட்டிருப்போம்.

நள்ளிரவுப் பூசை என்று பெயர்தான். ஒரே சாமியார் பல தோட்டங்களுக்குப் பூசை வைக்கவேண்டும்; எங்களுக்கு ஒன்பது மணி என்றார்கள், பத்தும் தாண்டிவிட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை. உபதேசியார் செபமாலையைத் தொடங்க, திருநீறு பூசிய பக்கத்து லயத்துக்காரர்களும் பிள்ளைகளோடு வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் போவதில்லையா, அதுபோலத்தான்.

குடிலைப் பார்க்கவேண்டும். பெடியன்கள் மாட்டுத்தொழுவம் கட்டவில்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயக்காம்பரா கட்டியிருந்தார்கள். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டைதான் தூண். எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய தகரம் கூரை. காற்றுக்குத் தூக்காமல் இருக்க அதன்மேல் சின்னச் சின்னக் கல்லுகூட வைத்திருந்தார்கள். உள்ளே மானாப்புல். சூசையப்பர் சுரூபத்துக்கு மூக்கு உடைந்திருந்தது.

உன்னத கீதத்துக்கு மணி அடித்து, பாலன் இயேசுவின் சுரூபத்தை மூடியிருந்த துணியை எடுத்ததும் எங்கள் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. அதை வெளியே கொண்டுபோகச் சொல்லி ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

லூக்கா நற்செய்தி வாசிக்கும்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். அகுஸ்து சீசரின் கட்டளை, எல்லாரும் பெயரைப் பதியவேண்டும், நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு சூசையப்பர் பெத்லகேமுக்குப் போகிறார். அம்மாவின் உதடு நடுங்கியது. தாத்தாவின் தகரப் பெட்டி எனக்கும் தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே அடியில் நாடற்றவராக்கிய லட்சக்கணக்கான மலையகத் தமிழரில் அவரும் ஒருவர். அந்தப் பெட்டி நிறைய மனுக்கள், ரசீதுகள், அரசாங்கக் கச்சேரிக் கடுதாசிகள். இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய தம்பி குடும்பம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப்போனது. தாத்தா இந்த மேட்டு லயத்திலேயே, எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமல் கண்ணை மூடினார். பெயரைப் பதியப்போன இடத்தில் படுக்க இடம் கிடைக்காத குடும்பத்தில்தான் தேவன் வந்து பிறந்தார் என்பதை எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. இரக்கப்பட்டு மேலிருந்து எதையோ போட்டுவிட்டுப் போகிற கடவுள் இல்லை அவர். நம் காம்பராவுக்குள்ளேயே வந்து படுத்துக்கொண்டவர். அவருக்கும் ஒரு பதிவு, ஒரு கட்டளை, பிறகு ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓட்டம்.

பிரசங்கத்தில் சாமியாரும் யோசப் வாஸைத் தொட்டார். கோவாவிலிருந்து வந்த அவரை 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சொல்லிப் பிடித்து அடைத்தார்கள். அவர் பெயர் வந்ததும் அம்மா என் விலாவில் இடித்தார், 'கேட்டியா?' என்பதுபோல.

பூசை முடிந்து பாலனை முத்தி செய்ய வரிசை. பீடப் பையன் ஒவ்வொருவருக்கும் பிறகு பாலனின் பாதத்தைத் துணியால் துடைத்தான். எங்கள் முறை வந்ததும் அம்மா கம்பளியைப் பிரித்து, மானாப்புல்லின் ஓரத்தில் பிள்ளையைக் கிடத்தினார். இத்தனை வருசமாக அவர் என்னென்னவோ சொல்லவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்திருப்பார். வந்தது இவ்வளவுதான்: "பாத்துக்க சாமி, ஒங்க புள்ள." பிள்ளை தகரக் கூரையின் கல்லொன்றைப் பிடித்து வாயில் வைக்கப் போக, அக்கா பாய்ந்து பிடுங்கினாள். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அழுதேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பாலன் இயேசுவே, உமக்கு நன்றி. யோசப் வாஸ் அடிகளாரே, தாமதித்தாலும் மறக்காமல் இருந்தீரே, உமக்கும். காசு வாங்க மறுத்த லொறிக்கார அண்ணனுக்கு, நடுச்சாமத்தில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்து தன் கட்டிலை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்த பணிய லயத்து மாமிக்கு, அந்தக் குடிலைக் கட்டிய பெடியன்களுக்கு. போகட்டும், இருட்டில் இறக்கிவிட்டுப் போன அந்த ஆட்டோக்காரத் தம்பியையும் சேர்த்து ஆசீர்வதியும் ஆண்டவரே.