புண் பராமரிப்புப் படிப்பு: வார்டிலேயே தயாராகலாம்

புண் பராமரிப்புச் சான்றிதழ் படிப்பில் சேரும் நர்ஸ்கள் முதலில் கேட்பது, எந்தப் புண்ணுக்கு எந்த ட்ரெஸ்ஸிங் என்பதைத்தான். ஃபோம், ஆல்ஜினேட், ஹைட்ரோகொல்லாய்டு என்று பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். புண்ணைப் பார்த்து விவரிக்கத் தெரிவதுதான் முதலில் வர வேண்டும்.

நான் தயாரானது பெரும்பாலும் நைட் டூட்டியில். படுக்கைப் புண் உள்ள நோயாளிக்கு ட்ரெஸ்ஸிங் மாற்றும்போதே அளந்து எழுதிவிடுவேன். தலை-கால் வாக்கில் நீளம், அதற்குக் குறுக்கே அகலம், ஸ்டெரைல் ஸ்வாப்பை (கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சி) மெதுவாக விட்டு ஆழம். நோயாளியின் தலைப்பக்கத்தை 12 மணி என்று வைத்துக்கொண்டால், தோலுக்கடியில் குடைந்திருக்கும் இடத்தை ‘2 மணி முதல் 5 மணி வரை, 3 செ.மீ.’ என்று குறிக்கலாம். அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் படித்தாலே புண் கண்முன் வந்துவிடும். ‘ட்ரெஸ்ஸிங் செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன தெரியும்?

படுக்கைப் புண்ணை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை வைத்து நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலைக்கு அடையாளம், அழுத்தினாலும் மறையாத சிவப்பு என்பார்கள். நம் ஊர்க் கறுத்த தோலில் அது சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு சூடு, கெட்டித்தன்மை, வலி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்புறம், 3ஆம் நிலைப் புண் ஆறி வந்தால் அதை 2ஆம் நிலை என்று எழுதக் கூடாது. ‘ஆறிவரும் 3ஆம் நிலை’ என்றே எழுத வேண்டும்.

கால் புண்ணுக்கு இறுக்கக் கட்டு போடுவதற்கு முன் கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் (கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வருவது) பார்க்க வேண்டும். 0.5க்குக் கீழே என்றால் கட்டு ஆபத்து. சர்க்கரை நோயாளிக்கு 1.3க்கு மேல் வந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கலாம். உள்ளங்கால் புண்ணில் அழுத்தத்தைக் குறைக்காமல் எவ்வளவு விலையுள்ள ட்ரெஸ்ஸிங் போட்டாலும் வீண்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டது அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான்.

வார்டுக்கு ஒருவராவது இந்தப் படிப்பைப் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. படித்தவரை அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றினால் கற்றது கைவிட்டுப் போகும். அதனால் சேருவதற்கு முன்பே நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடமிடம் இதைப் பேசிவிடுங்கள். படிப்பில் நோயாளி அருகிலேயே எவ்வளவு பயிற்சி தருகிறார்கள், இறந்த திசுவை வெட்டி எடுக்க உங்கள் மருத்துவமனை நர்ஸை அனுமதிக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.