வேனுக்குள் தண்ணீர் எந்த வழியாக வரும்?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் வரை தகரம் கொதிக்கும். மூன்று மணிக்கு மேல் வானம் கறுக்கும். பத்து நிமிஷத்தில் லயத்து வாசலெல்லாம் ஆறாக ஓடும். வேனெட், ஹயேஸ் மாதிரி பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துக் கேம்பர்வேனாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் சோலார் எத்தனை வாட், பேட்டரி எத்தனை ஆம்ப் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் இந்த ஊர் சீதோஷ்ணத்தில் வேனைத் தின்பது தண்ணீர். கூரையில் மழையாக வரும், உள்ளே மூச்சுக் காற்றாக வரும், ஒயர் முனையில் பச்சைக் களிம்பாக வரும், பிரேக் எண்ணெய்க்குள்ளும் வரும்.

கூரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். வெயிலில் காய்ந்த இரண்டு மீட்டர் இரும்புத் தகரம் மழை விழுந்து நாற்பது டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். தினமும் நடக்கும் கூத்து இது. கூரையில் ஃபேன், சோலார் பிராக்கெட், ஒயர் இறங்கும் ஓட்டை எதுவாக இருந்தாலும், அதைச் சுற்றிப் பூசிய சீலண்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, இந்த இழுபறிக்கு ஈடுகொடுக்க வேண்டும். குளியலறைக்கு வாங்கும் சிலிக்கானைப் பூசாதீர்கள். பூசும்போது காடி வாடை அடிக்கிறதே, அந்த ரகம் வெறும் இரும்பில் பட்டால் துருவைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு தடவை சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலண்ட்டும் ஒட்டாது.

கூரை ஃபேனுக்கு வழக்கமான வெட்டு 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். வெட்டுவதற்கு முன் உள்பக்கம் கைவைத்துக் கூரையின் குறுக்கு விலா எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதை அறுக்கக் கூடாது. ஜிக்ஸாவால் வெட்டியதும் ஓரத்தை அரத்தால் தேய்த்துப் பிசிறு எடுங்கள். பிறகு கூரை முழுவதையும் வேக்கும் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிதறிய இரும்புத் தூள் அன்றைய மழையிலேயே துருவேறி, வெள்ளைப் பெயின்ட்டில் செம்புள்ளிகளாகப் பதிந்துவிடும். அப்புறம் ‘கூரையெல்லாம் துரு வருகிறது’ என்று பதறுவார்கள்.

வெட்டிய விளிம்புக்குத் துரு தடுக்கும் பிரைமர் இரண்டு கோட், மேலே பெயின்ட் ஒரு கோட், ஒரு நாள் காயட்டும். ஃபேனின் விளிம்புக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தடிமன் பியூட்டைல் டேப்பை (பிசுக்கென்று ஒட்டும் மெத்தென்ற ரப்பர் டேப்) சுற்றி ஒட்டுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் மேலேற்றி அமுக்குங்கள். அந்தச் சந்திப்பு வேனின் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும், ஓடும்போது மழை முன்னாலிருந்துதான் அடிக்கும். ஸ்க்ரூவை ஒரே மூலையிலிருந்து வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்குங்கள். டேப் ஓரத்தில் பிதுங்கி வந்தால் போதும். இரண்டு மூன்று நாள் வெயில் பட்டதும் டேப் இளகிப் படிந்திருக்கும், ஸ்க்ரூ லூசாகியிருக்கும். மறுபடி ஒரு கால் சுற்று. அதற்குப் பிறகுதான் பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வழித்துவிட்டு, ஸ்க்ரூ தலைகள் மேலும் விளிம்பு மேலும் சீலண்ட் போட வேண்டும். வெயில் நேரடியாகப் படும் இடத்துக்கு சிகாஃப்ளெக்ஸ் 521 யூவி மாதிரி வெயில் தாங்கும் ரகம் சரி. பாலியூரித்தேன் ரகமான 221 நன்றாக ஒட்டும், ஆனால் திறந்த வெயிலில் மஞ்சளித்துச் சுண்ணாம்பு போல உதிர ஆரம்பிக்கும். இன்னொன்று, ஆல்கஹால் ஈரம் இருந்தால் பாலியூரித்தேன் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். இடத்தை ஆல்கஹாலால் துடைத்தால் அது முழுக்கப் பறந்துபோகும்வரை காத்திருங்கள். இறுகாத சீலண்ட்டைச் சமப்படுத்தவும் ஆல்கஹாலில் நனைத்த விரல் வேண்டாம்.

ஏற்கெனவே ஒழுகுகிற வேனா? சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு உட்காரட்டும், ஒருவர் வெளியே குழாயைப் பிடிக்கட்டும். கீழே ஜன்னல் மட்டத்தில் ஐந்து நிமிஷம், பிறகு கூரை ஓரக் கால்வாயில் ஐந்து நிமிஷம், கடைசியாக மேலே. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது என்று தெரியாது. சந்தேகமான இடத்தில் உள்பக்கம் முகப் பவுடரை லேசாகத் தூவி வைத்தால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

கூரையை விட்டு இறங்கினால் அடுத்த எதிரி இலை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பால் மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்க்கும். நிழலுக்கென்று மரத்தடியில் நிறுத்திய வேனில், விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் சல்லடைக்குள் அந்த இலை காம்போடு போய் உட்காரும். உள்ளே தண்ணீர் வடியும் ஓட்டை ஒரு விரல் அளவுதான். அது அடைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி, காற்று வரும் வழியாகக் கேபினுக்குள் இறங்கும். முன் சீட்டுக் கால்மிதியடி காரணமில்லாமல் ஈரமாக இருந்தால் முதலில் இங்கே பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியும் அந்தப் பக்கத்தில் இருக்கும் வேன்களில் இது வெறும் ஈரத்தோடு நிற்காது.

கதவுகளின் அடி விளிம்பிலும் சின்ன வடிகால் ஓட்டைகள் உண்டு. எஸ்டேட் செம்மண் ரோட்டில் ஓடும் வேனில் அவை சேறு காய்ந்து அடைத்துவிடும், கதவு உள்ளிருந்தே இற்றுப்போகும். கம்பி விட்டுக் குத்தினால் பெயின்ட் உரியும். ஈர்க்குச்சி போதும், மாதம் ஒரு தடவை. ஸ்லைடிங் டோரின் அடி ரெயிலையும் அதே குச்சியால் சுரண்டிவிடுங்கள். பின்கதவு ரப்பர் சரியாக அமர்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டுப் பேப்பரை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் தூசியும் வரும், மழையும் வரும். ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கலாம், கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ தடவினால் ஊதிப்போகும்.

இனி உள்ளிருந்தே வரும் தண்ணீர். ஊரில் தூங்கும்போது இது தெரியாது. சிம்பாங் பூலாய் வழியாகக் குளிரான கேமரன் மலைக்கு ஏறி, அங்கே ஜன்னலை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு பேர் தூங்கினால் காலையில் கண்ணாடியெல்லாம் அழும். அடுப்பு மூட்டினால் இன்னும் மோசம். பியூட்டேன் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். 250 கிராம் கேஸ் டின் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 390 மில்லி தண்ணீர், ஒரு பெரிய டம்ளர் நிறைய. அது வேனுக்குள்தான் எங்காவது போய் ஒட்டும். அதனால் சமைக்கும்போது கூரை ஃபேன் வெளியே இழுக்கும் பக்கம் ஓடட்டும், எதிர்ப்பக்க ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கும் இதேதான் மருந்து. மூடிய வேனில் அடுப்பைக் குளிர் காய மூட்டவே கூடாது. கேஸ் தோங் (சிலிண்டர்) வைத்திருப்பவர்கள் தோங் பெட்டியின் தரையில் வெளியே திறக்கும் ஓட்டை விட வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். தோங் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

மெத்தைக்கு அடியில் பூஞ்சைக் கறுப்பு பிடிப்பதும் இந்த ஈரத்தால்தான். முழுப் பலகைமேல் மெத்தையைப் போடாமல், இடைவெளி விட்ட சட்டங்கள்மேல் போடுங்கள். வேன் சும்மா நிற்கும் நாட்களில் மெத்தையைத் தூக்கி நிறுத்தி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா வாங்கி வைத்து, ஜன்னலையும் திறந்து வைத்திருப்பவர்கள் பேராக் மாநிலம் முழுவதையும் காய வைக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

மின்சாரத்துக்கு வருவோம். ‘பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது’ என்ற புகாருக்குப் பத்தில் எட்டு தடவை காரணம் ஒயர்தான் என்பது என் கணக்கு. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 5 ஆம்ப் இழுக்கும். பேட்டரி பின்னால், ஃப்ரிட்ஜ் முன்னால், நடுவில் 4 மீட்டர் என்றால், போக வர 8 மீட்டர் ஒயர். 5 ஆம்பை 8 மீட்டரால் பெருக்கி, தாமிரத்துக்கு 0.0175 என்று வைத்து அதாலும் பெருக்கி, ஒயரின் பருமனால் வகுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.28, 6 சதுர மில்லிமீட்டரில் 0.12. இதில் சிகரெட் லைட்டர் சாக்கெட் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தின்னும். அதன் நுனி ஸ்பிரிங் அதிர்வில் தளரும், ஈரத்தில் கறுக்கும். கழற்றித் தொட்டால் சுட வேண்டும் என்பதே அதன் வேலை போலிருக்கும்.

லெட் ஆசிட் பேட்டரி சுமையில் 11.8 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில், ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேருவது 10.8 என்று வையுங்கள். ஃப்ரிட்ஜின் பேட்டரிப் பாதுகாப்பு ‘ஹை’யில், அதாவது வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே நிறுத்தும் நிலையில், இருந்தால் அது நின்றுவிடும். நின்றதும் இழுவை இல்லை, வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி ஓடப் பார்க்கும், மறுபடி நிற்கும். டான்ஃபாஸ் கம்ப்ரசர் உள்ளவற்றில் எரர் விளக்கு ஒரு தடவை சிமிட்டி இடைவெளி விட்டால் இதுதான் பொருள். மல்டிமீட்டர் இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையில் ஒரு அளவு, ஃப்ரிட்ஜ் பிளக்கில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் என்றால் பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக இழுத்து, லைட்டர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இறுகப் பிடிக்கும் ஆண்டர்சன் பிளக் போடுங்கள். 15 ஆம்ப் ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால் நடுவில் ஒயர் உரசிப் பற்றுவதை அது தடுக்காது.

ஒயர் முனையைக் கிரிம்ப் செய்து (உலோக முனையை இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கும் உறை, போட்டால் ஈரம் ஏறாது. ஈயப்பற்று வைத்தால் அது முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் ஒடியும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே வாஸலின் தடவிவிடுங்கள். பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்த முனையை வெட்டிப் புதிது போடுங்கள்.

தண்ணீர் டேங்க் பற்றிச் சுருக்கமாக. கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வாசனை இல்லாத 5 சதவீத பிளீச்சை லிட்டருக்கு ஒரு மில்லி கணக்கில் கலந்து, 40 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு நாலு மணி நேரம் வைத்துப் பிறகு அலசுங்கள். யாரும் குழாய் திறக்காதபோது பம்ப் திடீரென்று ஒரு நொடி உறுமி நின்றால், பம்புக்குப் பிறகு எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்பின் உள் வால்வில் மணல் சிக்கியிருக்கிறது. முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழுவிப் பார்த்துவிட்டு, மூட்டுகளில் டிஷ்யூ சுற்றித் தேடுங்கள்.

இதெல்லாம் ஏற்றிய வேன் எவ்வளவு கனம் என்று பலருக்குத் தெரியாது. 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு முழுப் பலகை 20 கிலோவுக்கு அருகில். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. செம்பனை மில் வாசலில் வேய்பிரிட்ஜ், அதாவது லாரி எடை மேடை, இருக்கிறது. லாரி வரிசை இல்லாத நேரமாகப் போய், ‘அண்ணே, ஒரு தடவை எடை பாத்துக்கவா?’ என்று கேட்டுப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக ஏற்றினால் கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். வேனில் பதித்த தகட்டில் அச்சிட்ட எடை அளவைத் தாண்டினால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள், போகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

கனத்தோடு கேமரனிலிருந்து இறங்கும்போதுதான் கடைசித் தண்ணீர் தன்னைக் காட்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரகத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி அடைக்கும், பெடல் தரைவரை போகும். கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெயை முழுதும் மாற்றுங்கள். வொர்க்‌ஷாப்பில் அலமாரியில் திறந்து கிடக்கும் பெரிய டின்னிலிருந்து ஊற்ற விடாதீர்கள். சீல் உடையாத சின்ன பாட்டில் இரண்டு நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், மிச்சத்தை அடுத்த தடவைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம்.