கடைசி ஐம்பது டொலர்

கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், தண்ணீர் பில்லுக்கும் பீட்சாக் கடை விளம்பரத்துக்கும் நடுவில் கிடக்கிறது. அனுப்பியது கனடா பரோல் சபை. 2014 ஆடியில் ஒரு கலியாண வீட்டிலிருந்து குடித்துவிட்டுக் கார் ஓடி வந்ததற்கு, 2015 மாசியில் எனக்குக் கிடைத்த தண்டனையின் பதிவு இனி மற்றப் பதிவுகளோடு இல்லாமல் தனியாக எடுத்து வைக்கப்படும் என்கிறது. சட்டத்தில் இதற்குப் பெயர் பதிவு இடைநிறுத்தம். 2012 வரைக்கும் பார்டன், அதாவது மன்னிப்பு, என்றார்கள். எங்கள் ஆட்கள் இன்றைக்கும் பார்டன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தக் கடிதம் நியாயமாக மூன்றரை வருஷத்துக்கு முன்னமே வந்திருக்க வேண்டும். வராததற்கு நான்தான் காரணம். எப்படி என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

அன்றைக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மண்டபம், சிநேகிதனின் தங்கைக்குக் கலியாணம். எவ்வளவு குடித்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. சாப்பாடு முடிந்து, இரண்டு கோப்பி குடித்து, ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டுத்தான் காரை எடுத்தேன், அதனால் நிதானமாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் பின் விளக்குப் போடாமல் மார்க்கம் வீதியில் ஏறியிருக்கிறேன், அது கூடத் தெரியவில்லை. மறித்த பொலிஸ்காரர் எவ்வளவு குடித்தாய் என்று கேட்க, உலகத்தில் எல்லாரும் சொல்கிற அதே பதிலைச் சொன்னேன்: இரண்டு பியர். வீதியில் வைத்து ஊதின கருவி தோல்வி என்று காட்டியது. லைசன்ஸ் 90 நாளைக்குப் போனது, காரை ஏழு நாளைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நிலையத்தில் கால் மணித்தியால இடைவெளி விட்டு இரண்டு தரம் ஊத வைத்தார்கள், 120, 110. அப்போது சட்டம் விட்டது நூறு மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் வரைக்கும்.

வழக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒரு வருஷம் கார் ஓடத் தடை, ஆயிரம் டொலர் அபராதம், அதற்கு மேல் பாதிக்கப்பட்டோருக்கான மேலதிகக் கட்டணம் என்று 30 வீதம், ஆக மொத்தம் 1300. (அந்த 30 வீதத்தைக் கட்டாயமாக்கியது அரசமைப்புக்கு முரண் என்று 2018 மார்கழியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனக்கு அது காலம் கடந்த சந்தோஷம்.) கட்டி முடிக்க நீதிபதி ஒரு வருஷம் தந்தார். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வந்தேன். தடை முடிந்த பிறகு ஒரு வருஷம் காரில் ஊதுகிற கருவி பூட்டி ஓடினேன், ஊதாமல் கார் ஸ்டார்ட் ஆகாது, ஓடிக்கொண்டிருக்கும்போதும் திடீரென்று பீப் அடித்து இன்னொரு தரம் ஊது என்று கேட்கும். ஒருநாள் கோயில் கார் நிறுத்துமிடத்தில், தேர் பார்த்துவிட்டுச் சனம் வெளியே வருகிற நேரம், நான் குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறேன், பக்கத்துக் காரில் ஏறின ஒரு அம்மா, பாவம், எனக்கு ஆஸ்துமா என்று நினைத்து, தம்பி கதவைத் திறந்து காற்று வாங்குங்கோ என்றார். எனக்கு அபராதத்தை விட அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

அதெல்லாம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் மத்தியில் ஒரு கதை இருக்கிறது, மூன்று வருஷத்தில் தானாக அழிந்துபோகும் என்று. எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது. கடையில் சாமான் எடுத்துப் பிடிபட்டவனுக்கு நீதிபதி டிஸ்சார்ஜ் கொடுப்பதுண்டு, அதாவது குற்றவாளி என்று கண்டும் தண்டனை இல்லாமல் விடுவது, நிபந்தனை இல்லாததென்றால் ஒரு வருஷத்திலும் நிபந்தனையோடு கொடுத்ததென்றால் மூன்று வருஷத்திலும் அது மத்தியப் பதிவிலிருந்து எடுபட்டுவிடும். இன்னொருவன் 50க்கும் 80க்கும் நடுவில் ஊதி, முதல் தரம் என்று மூன்று நாள் லைசன்ஸ் மட்டும் போய் வந்திருப்பான், அதில் குற்றப் பதிவே கிடையாது. இந்த இரண்டு பேரும் பியரோடு உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது ஆள் நான். 80க்கு மேல் ஊதினவனுக்கு ஆகக் குறைந்த தண்டனை என்று சட்டத்திலேயே ஒன்று எழுதிக் கிடக்கிறது, அதனால் டிஸ்சார்ஜ் என்ற கதைக்கு இடமில்லை. விண்ணப்பித்தால் ஒழிய அந்தப் பதிவு அசையாது.

2019 சித்திரையில் மகளின் வகுப்பை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போகத் துணைக்குப் பெற்றோர் வேண்டும் என்றார்கள். நான் வருகிறேன் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன், குற்றப் பதிவு இருக்கிறதா என்று காட்டுகிற பொலிஸ் பத்திரம் கேட்பார்கள் என்று யோசிக்கவில்லை. பத்திரம் வந்தது, அதில் என் தண்டனை இருந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க மனம் வராமல் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். மகள் ஒரு கிழமை கதைக்கவில்லை, இரண்டாம் வகுப்புப் பிள்ளை அவ்வளவு நாள் கோபத்தை வைத்திருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பார்டன் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். நான் போனது ஒரு பிளாசாவில் மேல்மாடியில் இருந்த ஒரு ஆலோசகரிடம். "தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, ஆயிரத்து எண்ணூறு தாங்கோ, எல்லாம் கிளீன்" என்றார். எப்போது தண்டனை, எப்போது அபராதம் கட்டி முடிந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் இதில் முழு விஷயமுமே. சிறு குற்ற முறையில் நடந்த வழக்கென்றால் ஐந்து வருஷம், பெரிய குற்ற முறையில் நடந்ததென்றால் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். (குடித்து ஓடும் குற்றத்தை இரண்டு முறையிலும் நடத்தலாம், எது என்று தீர்மானிப்பது அரச வழக்கறிஞர். 2012 பங்குனி 13க்கு முன் செய்த குற்றங்களுக்குப் பழைய, குறைந்த காலங்களே பொருந்தும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன, பழைய வழக்கு வைத்திருப்பவர்கள் அதைப் பாருங்கள்.) அந்த ஐந்து வருஷம் பிடிபட்ட நாளிலிருந்தோ தீர்ப்பு நாளிலிருந்தோ ஓடாது. தண்டனையின் கடைசிச் சதம் கட்டப்பட்ட நாளிலிருந்துதான் ஓடும். கார் ஓடத் தடை இந்தக் கணக்கில் வராது, அபராதம் வரும், அந்த 30 வீதமும் வரும்.

நல்ல காலம், காசைக் கொடுக்க முன் நீதிமன்ற அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி எடுத்தேன். அந்தப் பெண் இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: ஐம்பது டொலர் மிச்சம் இருக்கிறது. 2015 மார்கழியில் ஸ்காபரோவிலிருந்து ஏஜக்ஸுக்கு வீடு மாறின அவதியில் கடைசித் தவணை விட்டுப்போயிருக்கிறது. 1250 கட்டிவிட்டு 50ஐ மறந்திருக்கிறேன், அதற்காக ஐந்து வருஷக் கணக்கு இன்னும் முதல் நாளையே தொடங்கவில்லை. 2019 ஆனியில் போய்க் கட்டினேன். அதாவது 2020 மார்கழியில் விண்ணப்பித்திருக்க வேண்டியவன் 2024 ஆனி வரை காத்திருந்தேன். அந்த ரசீதை லமினேற் பண்ணி வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

இடையில் ஒன்று. 2018 கார்த்திகையில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தின்படி, சிறு குற்ற முறையில் வந்த தண்டனை ஐந்து வருஷம் கடந்தால் உள்ளூர்ப் பொலிஸ் பத்திரத்தில் அச்சாகாது. 2020 மாசிக்குப் பிறகு நான் மிருகக்காட்சிசாலைக்குப் போயிருக்கலாம், அதற்குள் கொரோனா வந்துவிட்டது. ஆனால் பத்திரத்தில் வராது என்பதும் பதிவு இல்லை என்பதும் ஒன்றில்லை. நான் கட்டடங்களில் ஏசி, ஹீற்றிங் வேலை செய்கிறவன். 2023ல் மத்திய அரசின் கட்டடம் ஒன்றில் வேலை வந்தது, உள்ளே போகக் கைரேகை எடுத்துச் சோதிப்பார்கள், அங்கே மத்தியப் பதிவில் நான் அப்படியே இருந்தேன். அந்த வேலைக்கு வேறு ஒருவன் போனான்.

சரி, விண்ணப்பம். ஆலோசகர் இல்லாமலே செய்தேன். கட்டணம் 2012ல் 631 டொலராக ஏறி, பிறகு 650ஐயும் தாண்டி, 2022 தை 1 முதல் 50 டொலராக இறங்கியது. ஐம்பது என்ற எண் என்னை விடுவதாக இல்லை. முதலில் கைரேகை கொடுத்து மத்தியப் பொலிஸான ஆர்.சி.எம்.பியிடமிருந்து உறுதிப்படுத்திய குற்றப் பதிவு எடுக்க வேண்டும். இருபது வருஷம் செப்புக் குழாயும் தகரமும் பிடித்த விரல்கள், இயந்திரம் இரண்டு தரம் ரேகை இல்லை என்று திருப்பிவிட்டது. அங்கே வேலை செய்த பிலிப்பினோப் பெண் தன் கைப்பையிலிருந்து கிரீம் எடுத்துத் தந்து, பூசிவிட்டுப் பத்து நிமிஷம் இருங்கள் என்றாள், மூன்றாம் தரம் விழுந்தது. பிறகு நீதிமன்றம் நிரப்பித் தர வேண்டிய படிவம். நான் நின்ற பழைய ஸ்காபரோ நீதிமன்றத்து வழக்குகள் இப்போது ரொறன்ரோ நகர மையத்தில் 2023ல் திறந்த புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன, அதனால் அங்கே. அப்புறம் கடந்த ஐந்து வருஷத்தில் இருந்த ஊர்ப் பொலிஸிடம் ஒரு படிவம், எனக்கு ஏஜக்ஸ் இருக்கிற டர்ஹம் மட்டும். இந்தப் பத்திரங்களுக்குக் காலாவதி உண்டு, ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதற்கு ஆறுதலாகப் போனால் முதலாவது பழசாகிவிடும்.

கஷ்டமானது வேறு. என்ன நடந்தது, ஏன் செய்தாய், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று உன் வாயால் எழுது என்று ஒரு பக்கம் இருக்கிறது. இரவிரவாக இருந்து எழுதினேன். மனைவி காலையில் வாசித்துவிட்டு, "இதில உங்களைத் தவிர மற்ற எல்லாரும் பிழை விட்டிருக்கினம்" என்றாள். உண்மைதான். ஊற்றிக் கொடுத்த சிநேகிதன், கூட்டிப்போக வராத டாக்சி, இருட்டு வீதி எல்லாம் வந்திருந்தன. ஐந்து தரம் திருத்தி எழுதினேன். கடைசியில் அனுப்பினது பாதிப் பக்கம்.

இந்தக் கடிதம் எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு அழியாது, ஒரு பக்கமாக வைக்கப்படும், திரும்பப் பிழை விட்டால் மேலே வரும். கார் ஓடத் தடை இன்னும் இருந்தால் அதை இது எடுக்காது. காப்புறுதிக் கம்பனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கா கனடாவின் பார்டனை ஏற்பதில்லை, அவர்கள் ஏற்கெனவே பார்த்து எழுதி வைத்திருந்தால் அது அவர்களிடம் இருக்கும். ஒரே ஒரு குடித்து ஓடின வழக்கு மட்டும் இருந்தால் பொதுவாக எல்லையில் திருப்புவதில்லை, ஆனால் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், நான் நியூஜேர்சிக்குப் போகும்போது கேட்டார்கள், சொன்னேன், விட்டார்கள்.

நான் குடியுரிமை எடுத்தவன், அதனால் என் கதை இவ்வளவோடு நின்றது. நிரந்தர வதிவுரிமையில் இருப்பவர்கள் கதையே வேறு. 2018 மார்கழி 18க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை பத்து வருஷமாகிவிட்டது, அதனால் குடிவரவுச் சட்டத்தில் இது பாரதூரமான குற்றம், அபராதம் மட்டும் கட்டினவனையும் நாட்டை விட்டு அனுப்பத் தொடங்கலாம். அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்னமே குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும், பிளாசா மேல்மாடிக்குப் போகக் கூடாது.

கடிதம் வந்ததை வேலையிடத்தில் ஒருவனிடம் மட்டும் சொன்னேன். அடுத்த நாள் அவனுடைய மைத்துனன் எடுத்தான், 2017 வழக்கு, குடியுரிமை இருக்கிறது, அண்ணை எனக்கும் இப்ப போடலாமோ என்று கேட்டான். அபராதம் முழுக்கக் கட்டியாச்சா என்றேன். "கட்டியிருப்பன் எண்டுதான் நினைக்கிறன்" என்றான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதலில் போய்க் கேள் என்று போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். ரசீது. நாற்பது டொலர்.