சான்றிதழ் இருந்தது, ரெஸ்ட்ரிக்டர் இல்லை: மகனின் மோட்டார் சைக்கிள் காப்புறுதிக்காக அலைந்த நாட்கள்

காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. மகன் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கி அப்போது பதினொரு நாட்களே ஆகியிருந்தன. வண்டியின் வலு 55 கிலோவாட், சாரதியிடம் இருப்பதோ ஏ2 அனுமதிப்பத்திரம், எனவே 35 கிலோவாட்டுக்கு மட்டுப்படுத்தப்பட்டதற்கான சான்றை ஏழு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பத் தவறினால் காப்புறுதி இரத்துச் செய்யப்படும் என்று அதில் எழுதியிருந்தது. கடைசி வரியில் 'அறிவிக்கப்படாத மாற்றம்' என்ற சொற்கள் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டு விசாரித்தே செய்திருந்த எங்களுக்கு அந்த வரிதான் அதிகம் வலித்தது.

பிரித்தானியாவில் இந்த வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு விதி தெரிந்திருக்கும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2013 ஜனவரி 19 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, பத்தொன்பது வயதில் ஏ2 பரீட்சையில் சித்தியடைபவர் 35 கிலோவாட்டுக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை ஓட்டலாம். வலுவுக்கும் எடைக்குமான விகிதம் கிலோவுக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. கூடிய வலுவுள்ள வண்டியை மட்டுப்படுத்தி ஓட்டுவதாயின், அதன் மூல வலு 70 கிலோவாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஏ2 பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்து மீண்டும் பரீட்சை எழுதினால் இருபத்தொரு வயதிலும், நேரடியாக எழுதினால் இருபத்துநான்கு வயதிலும் முழு அனுமதி கிடைக்கும். என் மகன் இரண்டு கட்டப் பரீட்சைகளையும் முதல் தடவையிலேயே முடித்தான். அதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அவன் தெரிந்தெடுத்தது யமஹா எம்டி-07, இரண்டாம் கை வண்டி. விளம்பரத்தில் 'ஏ2 சாரதிகளுக்காக மட்டுப்படுத்தப்பட்டது, சான்றிதழ் உண்டு' என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது, விற்றவரும் கோப்பிலிருந்து சான்றிதழை எடுத்துக் கையில் தந்தார். காப்புறுதி எடுப்பதற்கு முன் மகன் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, வலுவை மட்டுப்படுத்தும் பாகமான ரெஸ்ட்ரிக்டர் பூட்டியிருப்பதை மாற்றமாகக் குறிக்க வேண்டுமா என்று கேட்டான். அது வலுவைக் கூட்டுவதில்லை, குறைப்பதுதான், ஆகவே 'மாற்றம் இல்லை' என்றே குறிக்கலாம் என்று மறுமுனையில் இருந்தவர் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அந்த உரையாடலின் திகதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். பின்னர் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள்.

கடிதம் வந்த அன்றே சான்றிதழை விரித்துப் பார்த்தபோது முதற் சிக்கல் தெரிந்தது. அதில் இருந்த பதிவு இலக்கம் எங்கள் வண்டியினுடையது அல்ல. முன்னைய உரிமையாளர் விலை கொடுத்து வாங்கிய தனிப்பட்ட இலக்கத் தகடு ஒன்றை வண்டியில் வைத்திருந்திருக்கிறார், விற்பதற்கு முன் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு பழைய இலக்கத்துக்கு மாற்றிவிட்டார். சான்றிதழ் அந்தத் தனிப்பட்ட இலக்கத்தில் வழங்கப்பட்டிருந்தது, வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சட்டக இலக்கம் (சேசிஸ் நம்பர்) எங்குமே குறிக்கப்படவில்லை. இரண்டாம் கை வண்டி வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான்: பதிவு இலக்கம் மாறக்கூடியது, சட்டக இலக்கம் மாறாது, ஆகவே சட்டக இலக்கம் இல்லாத சான்றிதழ் உங்கள் வண்டிக்குரியது என்று எவராலும் நிறுவ முடியாது. வி5சி பதிவுப் பத்திரமும் உதவாது. எங்களுடையதில் வலுவைக் குறிக்கும் பி.2 என்ற இடத்தில் தொழிற்சாலையில் இருந்து வந்த அளவே அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை நிறுவனத்தோடு பேசியபோது, முதலில் மகனின் அனுமதிப்பத்திர விபரத்தைப் பார்ப்பதற்கான குறியீடு வேண்டும் என்றார்கள். அனுமதிப்பத்திரங்களையும் வாகனப் பதிவையும் கவனிக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயின் இணையத்தளத்தில் எடுக்கும் அந்தக் குறியீடு 21 நாட்கள் செல்லுபடியாகும் என்றாலும் ஒரு தடவைக்கு மட்டுமே பயன்படும். தொலைபேசியில் இருந்தவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் பதிவு செய்யாமல் மூடிவிட்டார். திங்கட்கிழமை வேறொருவர் அதே குறியீட்டை இட்டுப் பார்த்து, 'இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது, செல்லாது' என்றார். புதியதை எடுக்க இரண்டு நிமிடமே ஆகும், ஆனால் ஏழு நாள் கணக்கில் அந்த வார இறுதி முழுவதும் கழிந்துவிட்டது. குறியீட்டைத் தரும்போதே, பார்த்த விபரங்களைக் கோப்பில் பதிந்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பும்படி கேளுங்கள்.

இடையில் வந்த சனிக்கிழமை, சான்றிதழை வழங்கிய கடையைத் தேடி ஹரோவில் இருந்து லெஸ்டர் வரை காரில் போனோம். கிட்டத்தட்ட நூறு மைல். சந்தேகம் தீரும்வரை மகன் வண்டியைத் தொடக்கூடாது என்று நான் மறித்திருந்ததால் மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலிலேயே விட்டுச் சென்றோம். கடைக்காரர் நல்ல மனிதர். பழைய பதிவேட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, தன்னிடமும் சட்டக இலக்கம் இல்லை என்றும், வண்டியைக் கண்ணால் காணாமல் புதிய சான்றிதழ் எழுத முடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னது முழுக்க நியாயம். வண்டியை வாடகை வானில் ஏற்றிச் சென்றிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். புறப்படும்போது அவர் ஒன்று கேட்டார்: 'நான் பூட்டியது இன்னும் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?'

அந்தக் கேள்வி திரும்பி வரும் வழி முழுவதும் என்னோடு வந்தது.

செவ்வாய்க்கிழமை வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வண்டியை அருகிலுள்ள ஒரு டைனோ பரிசோதனைக் கராஜுக்குக் கொண்டுபோனோம். டைனோ பின் சக்கரத்தில் கிடைக்கும் வலுவையே அளக்கிறது. இயந்திரத்தில் இருந்து சக்கரம் வரை போகும் வழியில் ஒரு பகுதி இழக்கப்படுவதால், 35 கிலோவாட் வண்டி அங்கே முப்பதை ஒட்டியே காட்ட வேண்டும். எங்கள் வண்டி 49 காட்டியது. த்ராட்டில் முழுதாகத் திறவாதபடி தடுக்கும் சிறு உலோகத் துண்டுதான் ரெஸ்ட்ரிக்டர். அதை யாரோ எப்போதோ கழற்றி எடுத்துவிட்டு, சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

மகன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'அப்பா, அப்ப நான் பதினொரு நாளும் பிழையாத்தான் ஓடியிருக்கிறன்' என்றான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. அவன் பயந்ததில் காரணம் இருந்தது. அனுமதிப்பத்திரத்துக்குப் புறம்பான வண்டியை ஓட்டினால் மூன்று முதல் ஆறு தண்டப் புள்ளிகள். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதாகக் கருதப்பட்டால் ஆறு முதல் எட்டுப் புள்ளிகள், பொலிஸ் வண்டியைக் கைப்பற்றவும் முடியும். முதல் அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் அந்தப் பத்திரமே இரத்தாகி, கற்றுக்கொள்பவரின் நிலையில் இருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அந்தப் பதினொரு நாட்களில் ஒரு சிறு மோதல் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்னும் மனம் பதறுகிறது.

அன்று மாலை நாங்கள் எடுத்த முடிவு, இருந்ததை இருந்தபடியே சொல்வது. புதிய ரெஸ்ட்ரிக்டரைப் பூட்டிவிட்டு எதுவும் பேசாமல் சான்றிதழை அனுப்பலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது மிகத் தவறான ஆலோசனை என்றே கருதுகிறேன். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் கவனக்குறைவால் நேர்ந்த பிழையையும் வேண்டுமென்றே சொன்ன பொய்யையும் வேறுபடுத்துகிறது. முதலாவதற்குப் பரிகாரம் உண்டு. இரண்டாவதில் காப்புறுதியே செல்லாததாகிவிடும், கட்டிய பணமும் போகும். மேற்பார்வையாளர் ஒருவரைக் கேட்டு வாங்கி, டைனோ அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, பாகம் வந்து சேர மேலும் சில நாட்கள் தேவை என்று விளக்கினோம். வண்டியை ஓட்டுவதில்லை என்று எழுத்தில் தரும் நிபந்தனையுடன் அவர் இன்னும் ஏழு நாட்கள் தந்தார். அந்த அலுவலகத்தில் எங்கள் பேச்சை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவகாசம் கிடைக்காதிருந்தால், அவர்கள் இரத்துச் செய்வதற்கு முன் நாங்களே இரத்துச் செய்வதாக இருந்தோம். ஒரு நிறுவனம் உங்கள் காப்புறுதியை இரத்துச் செய்தால், 'இதற்கு முன் எப்போதாவது இரத்தானதா' என்று பிறகு எந்த நிறுவனம் கேட்டாலும் ஆம் என்றே பதில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் ஏற்கெனவே எட்டாத விலையில் இருக்கும் கட்டணம் அதோடு இன்னும் ஏறும். ஆனால் காப்புறுதி நின்றால் வண்டியைத் தெருவில் நிறுத்தவும் முடியாது. பாவனையில் இல்லை என்று டிவிஎல்ஏக்கு அறிவித்து, தனியார் இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கராஜ் இல்லாததால் உறவினர் ஒருவரின் வளவில் இடம் கேட்டு வைத்திருந்தேன்.

பாகம் வந்து, பூட்டி, மறுபடி டைனோவில் ஏற்றியபோது 31 காட்டியது. இம்முறை சான்றிதழில் சட்டக இலக்கம், பதிவு இலக்கம், பூட்டிய திகதி, அளக்கப்பட்ட வலு நான்கையும் எழுதுவித்து, கராஜில் இருந்தே படம் பிடித்து அனுப்பினோம். மறுநாள் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதோடு மாற்றத்தைப் பதிவதற்கான நிர்வாகக் கட்டணமாக 45 பவுண் கேட்டது.

அந்த 45 பவுணை நான் பேசாமல் விடவில்லை. முதல் அழைப்பின் ஒலிப்பதிவைத் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மகனின் பெயரில் எழுதிக் கேட்டோம். இது இலவசம், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். திகதியும் நேரமும் கையில் இருந்ததால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கவில்லை. 'மாற்றம் இல்லை என்றே குறிக்கலாம்' என்ற வாக்கியம் அப்படியே பதிவில் இருந்தது. அதை இணைத்து முறைப்பாடு எழுதினோம். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லாவிட்டால், நிதிச் சேவைகள் குறைகேள் அதிகாரியிடம் செலவில்லாமல் போகலாம் என்பதையும் கடைசி வரியில் குறிப்பிட்டோம். ஐந்தாவது வாரம் பதில் வந்தது. கட்டணம் திரும்பியது, கோப்பில் இருந்த 'அறிவிக்கப்படாத மாற்றம்' என்ற குறிப்பும் நீக்கப்பட்டது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய மகிழ்ச்சி.

விற்றவரிடமும் எழுத்தில் கேட்டோம். தனியார் விற்பனையிலும் பொருள் விளம்பரத்தில் விபரித்தபடி இருக்க வேண்டும் என்பது சட்டம். விளம்பரப் பக்கத்தை மகன் வாங்கிய அன்றே படம் பிடித்து வைத்திருந்தான். தானும் அப்படியே நம்பி வாங்கியதாக அவர் சொன்னார். பாகத்துக்கும் பூட்டுக்கூலிக்குமான செலவில் பாதியை அனுப்பினார், அதற்கு மேல் நாங்கள் தொடரவில்லை.

இன்னுமொரு விடயம். வலுவைக் குறைத்தால் கட்டணமும் குறையும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், அது நடக்கவில்லை. எங்கள் நிறுவனம் எம்டி-07 என்ற மாதிரியை வைத்தே கணக்கிட்டது. அதே முகவரி, அதே வயதுடன் ஹொண்டா சிபி500எஃப்-க்கு விலை கேட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய நானூறு பவுண் குறைவாக வந்தது. அது தொழிற்சாலையில் இருந்தே 35 கிலோவாட்டுடன் வரும் வண்டி. ரெஸ்ட்ரிக்டரும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம், மாற்றம் என்று குறிக்க எதுவும் இல்லை. முழு அனுமதி கிடைத்ததும் ரெஸ்ட்ரிக்டரைக் கழற்றி அதே வண்டியை முழு வலுவுடன் ஓட்டலாம் என்பதே எம்டி-07இன் கவர்ச்சி. ஆனால் அதைக் கழற்றும் நாளிலும் முதலில் நிறுவனத்துக்கு அறிவித்து, புதிய கட்டணத்தை ஏற்ற பிறகே சாவியைப் போட வேண்டும். அந்த அழைப்பின் திகதியையும் நேரத்தையும் எழுத, பழைய தாளின் அடியிலேயே மகன் இடம் விட்டு வைத்திருக்கிறான்.