பட்டம் இருக்கிறது, இடம்தான் இல்லை

ஜனவரி 31, 2025, வெள்ளி

எங்கள் பெரிய பெண்ணின் காலேஜ் விண்ணப்பங்களில் நாங்கள் ரொம்ப எதிர்பார்த்திருந்த முடிவு இன்று மாலை வந்தது. ‘டெஃபர்’. உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மார்ச் கடைசி வரை காத்திரு என்கிறார்கள். வட கரோலினா மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழக வளாகங்களில் ஒன்று. வீட்டிலிருந்து காரில் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதனாலேயே இங்கேதான் படிக்கப் போகிறாள் என்று நாங்களாகவே முடிவு கட்டி வைத்திருந்தோம்.

பெரியவள் லேப்டாப்பை மூடிவிட்டு, “தோசை மாவு இருக்காம்மா?” என்றாள். மூன்று தோசை சாப்பிட்டாள். அப்புறம் மேலே போய்க் கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். இரவு 11:59-க்குள் ஏற்ற வேண்டுமாம். பத்தரைக்குப் பால் கொண்டுபோனேன். டைட்ரேஷன் கணக்கில் ஏதோ ஒரு எண் இடிக்கிறது என்று நோட்டின் ஓரத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கேரி வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அந்த 87 அடி கோபுரத்தடியில் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: “எங்க கிடைச்சிருக்கு?” இந்த மாதம் முழுக்க எல்லார் வாயிலும் இதே கேள்விதான். யாரும் குத்திக் காட்டுவதற்காகக் கேட்பதில்லை, பேச வேறு விஷயம் இல்லாமல் கேட்கிறார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

பெரியவள் படிக்கும் ‘ஏர்லி காலேஜ்’ என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்காக ஒருமுறை எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது உண்டு. வட கரோலினாவில் ரொம்பவே அதிகம். 2003-இல் சட்டம் கொண்டுவந்து, அடுத்த வருடத்திலிருந்து பள்ளிகளைத் திறக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) வளாகத்துக்குள்ளேயே பள்ளி இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை பள்ளிப் பாடத்தோடு கல்லூரிப் பாடத்தையும் எடுக்கும். கல்லூரிக் கட்டணம் கிடையாது. நாலைந்து வருடத்தில் பள்ளிச் சான்றிதழோடு இரண்டாண்டு ‘அசோசியேட்’ பட்டமும், ஏறக்குறைய 60 கிரெடிட்டும் (முடித்த பாடங்களுக்கான அலகுகள்) கைக்கு வந்துவிடும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதைத் தொடங்கினார்கள். இவரும் நானும் பட்டதாரிகள், அந்த வரிசையில் எங்கள் பெயர் பின்னால்தான் வரும். எப்படியோ இடம் கிடைத்தது.

பதினைந்து வயதில் இங்கிலீஷ் 111 வகுப்புக்குப் போனாள். பக்கத்து பெஞ்சில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், முன்னால் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கி வழியும் நர்ஸிங் அசிஸ்டென்ட் அக்கா. கால்குலஸில் ‘பி’ வாங்கினால் அது ஒன்பதாவதோ பத்தாவதோ வாங்கிய மார்க் மாதிரி மறைந்துவிடாது. கல்லூரி மதிப்பெண் பட்டியலில் ஏறி, மேல்படிப்புக்கு எங்கே விண்ணப்பித்தாலும் கூடவே வரும். இந்தப் பயத்தோடுதான் அவள் பத்தாம் வகுப்பு படித்தாள்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள், ஒரே நாளில் இரண்டு ‘இல்லை’. கடிதங்கள் என்னவோ இனிமையாகத்தான் எழுதப்பட்டிருந்தன. தகுதியுள்ளவர்கள் நிறையப் பேர், இடம் குறைவு, வாழ்த்துகள்.

இவருக்குக் கோபம். “இருக்கிற பிள்ளைகள்ல எத்தனை பேருக்குக் கையில டிகிரி இருக்கு?” என்று ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்தபடி பதில் சொன்னாள்: “அப்பா, அவங்களுக்கு அது டிகிரி இல்ல. நான் ஹைஸ்கூல்ல எடுத்த கிளாஸ். அவ்ளோதான்.”

அவள் சொல்வது சரிதான். பள்ளிச் சான்றிதழுக்காகக் கணக்கில் எடுத்துக்கொண்ட கல்லூரிப் பாடத்துக்குப் பல தனியார் பல்கலைகள் கிரெடிட் தருவதே இல்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர் எதிரில் இருப்பது முதலாண்டுக்கு வரும் இன்னொரு பதினேழு வயதுப் பிள்ளை. அந்த வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகளின் பள்ளிகளில் டிபேட் டீம், ஆர்கெஸ்ட்ரா, நீச்சல், டென்னிஸ் எல்லாம் இருக்கின்றன. இவள் பள்ளியில் விளையாட்டு அணியே கிடையாது. வகுப்புக்கு நூறு பிள்ளைகள்கூட இல்லாத இடத்தில் யாரை வைத்து அணி சேர்ப்பது? சனிக்கிழமைகளில் அவள் செய்ததெல்லாம் லேப் ரிப்போர்ட்.

நியாயம் அநியாயம் என்று நான் பேசப்போவதில்லை. ஆனால் முன்கூட்டியே கல்லூரி முடித்தால் பெரிய இடங்களின் கதவு தானாகத் திறக்கும் என்று எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள் பாருங்கள், அதை மட்டும் நிறுத்தினால் தேவலை.

மார்ச் 27, வியாழன்

மிச்சமிருந்ததும் வந்துவிட்டது. ஜனவரியில் தள்ளிப்போட்ட இடமும் ‘இல்லை’ என்றது. இன்னொன்று வெயிட்லிஸ்ட்.

இன்று அழுதாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள், எங்களுக்குக் கேட்கக்கூடாதாம். தம்பிக்காரன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். போடா என்றால் நகரவில்லை. வெளியே வந்தவள் அவனைத் தாண்டிப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொந்தத்தில் ஒருவர் போனில், “அந்த ரெண்டு வருஷமும் வீணாப் போச்சே” என்றார். “அண்ணா, அடுப்புல பால் இருக்கு” என்று வைத்துவிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

தூத்துக்குடிக்குப் பேசினோம். ஆச்சிக்கு இந்த விவகாரம் பாதி புரிந்திருக்கிறது, பாதி புரியவில்லை. “ஏட்டி, ஒரு எடத்துலயும் உன்ன எடுக்கலையா?” என்று நேராகக் கேட்டுவிட்டாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“எடுத்திருக்காங்க ஆச்சி. வில்மிங்டன்ல.”

“அங்க என்ன படிப்பு?”

“கடல் பயாலஜி.”

ஆச்சி சிரித்தாள். “கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதியா? நம்ம ஊர்ல மீன்வளக் கல்லூரியே இருக்குல்லா. இவ அம்மைய அதுல சேரச் சொன்னோம், மாட்டேன்னுட்டா.”

பெரியவள் விடவில்லை. “நெய்க்கும் ஆசைப்படலாம்ல ஆச்சி. அது தப்பா?” தப்பில்லை என்று ஆச்சி ஒத்துக்கொண்டாள். அது தப்பு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் வில்மிங்டன் வளாகத்திலிருந்து அனுமதிக் கடிதம் ஜனவரியிலேயே வந்தது. ‘சரி, ஒன்று இருக்கட்டும்’ என்று வைத்ததோடு சரி. கடல் உயிரியலுக்குப் பெயர் போன இடம், அவள் கேட்ட படிப்பு. அதுவும் அவளே தேடிப் பட்டியலில் சேர்த்த பெயர் அது, மற்றவை ஊர் சொல்லிச் சேர்த்தவை.

ஏப்ரல் 7, திங்கள்

மேல்படிப்புக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைப் பார்த்தோம். ஒரு மணி நேரம். இத்தனை நாளில் உருப்படியாகக் கழிந்த மணி நேரம் இதுதான்.

மாநிலத்தின் 58 கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் 16 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒழுங்காக அசோசியேட் பட்டம் முடித்து, பாடத்துக்குப் பாடம் ‘சி’க்குக் குறையாமல் வைத்திருந்தால் அந்தப் பதினாறில் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி. எது என்று நாம் கேட்க முடியாது, எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்றும் கேட்க முடியாது. ஆக, ‘எங்கேயுமே இல்லை’ என்ற நிலை இவளுக்குத் தொடக்கத்திலிருந்தே கிடையாது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருந்தால் என் தூக்கம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு விஷயம், இதைத் தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளி முடித்த கையோடு போனால் 60 கிரெடிட் இருந்தாலும் இவள் முதலாண்டு மாணவிதான். முதலாண்டு ஸ்காலர்ஷிப்புக்கெல்லாம் தகுதி உண்டு. ‘இந்த வருடம் சும்மா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பாடம் எடுத்துவிட்டு மறுபடி எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம்’ என்று இலையுதிர் பருவத்தில் போய்ச் சேர்ந்தால், அடுத்த முறை வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் ‘டிரான்ஸ்பர்’ மாணவி ஆகிவிடுவாள். அந்த வரிசை வேறு, உதவித்தொகையும் வேறு. இவர் மனதில் இருந்தது அந்தத் திட்டம்தான். காரில் திரும்பும்போது ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

பாடப் பட்டியலை வைத்து வரி வரியாக டிக் போட்டார் கவுன்சிலர். பயாலஜி 111, 112 வில்மிங்டனில் செல்லுபடியாகும். கெமிஸ்ட்ரி 151, 152 செல்லும். கால்குலஸ் செல்லும். ஆனால் மிச்சப் படிப்பு இரண்டு வருடத்தில் முடியும் என்று நினைக்க வேண்டாம் என்றார். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், அதற்கப்புறம் வரும் லேப் பாடங்கள் எல்லாம் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். “மூணு வருஷம்னா நல்லதுதான், எனக்குக் கொஞ்சம் காலேஜும் வேணும்” என்றாள் பெரியவள். பதினைந்திலிருந்து கல்லூரி வளாகத்திலேயே கிடந்த பெண் சொல்கிற பேச்சு!

ஏப்ரல் 12, சனி

வில்மிங்டன். ஐ-40 நெடுஞ்சாலை கலிபோர்னியாவிலிருந்து நாட்டைக் குறுக்கே கடந்து வந்து முடியும் ஊர். மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

வளாகம் சுற்றிக் காட்டிய மாணவன் ஃபுட்பால் பற்றியும் ஜிம் பற்றியும் பேசிக்கொண்டே போனான்; இங்கே ஃபுட்பால் டீம் இல்லை என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னதும் பெரியவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சாயங்காலம் ரைட்ஸ்வில் பீச். சின்னவன் அலையில், இவர் போனில். பெரியவள் கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் கீழே தூண்களில் ஒட்டியிருந்த சிப்பிக் கூட்டத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் ஏறி இறங்குவதற்கு அந்தச் சிப்பிகள் ஏறி நிற்கும் கோடு ஓர் அடையாளமாம். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு இனம், கீழே ஒரு இனம் என்று விரலால் காட்டினாள். முத்துக்குளித்துறையில் பிறந்தவள் நான், எனக்குச் சிப்பி என்றால் முத்தும் சுண்ணாம்பும்தான். கால் மரத்துப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வில்மிங்டனில் சேர டெபாசிட் கட்டியாயிற்று. மே 1 வரை நாள் இருந்தது. வெயிட்லிஸ்டில் இருந்த இடத்துக்கு அவளே எழுதி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளூர இன்னும் கொஞ்சம் உறுத்தல் இருக்கிறது, மறைப்பானேன். அவளுக்கும் இருக்கும். நேற்று தோழி ஒருத்தி தன் புதுக் காலேஜ் பெயர் போட்ட ஸ்வெட்ஷர்ட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் ஹாஸ்டல் ரூம்மேட் படிவத்தில் ‘இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாய்’ என்பதற்கு என்ன போடுவது என்று என்னைக் கேட்டாள். உண்மையைப் போட்டால் யாரும் சேரமாட்டார்கள் என்றேன்.

மே 15, வியாழன்

கம்யூனிட்டி காலேஜ் பட்டமளிப்பு. கருப்பு அங்கி, தட்டைத் தொப்பி. இவளுக்கு முன்னால் மேடையேறிய அம்மாவுக்கு என் வயது இருக்கும். கீழேயிருந்து இரண்டு பிள்ளைகள் கத்திய கத்தலில் இவள் பெயர் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அசோசியேட் இன் சயன்ஸ். ஆச்சி வீடியோ காலில் பார்த்தாள், பாதி நேரம் அவள் பக்கம் மின்விசிறிதான் தெரிந்தது.

பள்ளிச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்கு ஜூன் ஆகும். பட்டதாரிக்குத் திங்கட்கிழமை ‘பெர்சனல் ஃபைனான்ஸ்’ பள்ளிப் பரீட்சை இருக்கிறது. இந்த மாநிலத்தில் அது முடிக்காமல் ஹைஸ்கூலை விடமாட்டார்கள். அங்கியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, வருமான வரிப் படிவத்தில் ‘வித்ஹோல்டிங்’ என்றால் என்ன என்று அவள் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் விளக்குகிற விளக்கத்தில் இருவருக்கும் சண்டை வந்துவிடும் போலிருக்கிறது.