சயாமுக்குப் போனவருக்கும் ஓர் இலை

என் தாத்தாவின் அப்பா எந்த நாளில் இறந்தார் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. 1943-இல், மலேயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அவரை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை. தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். அவரும் திரும்பவில்லை. தாத்தாவுக்கு அப்போது ஏழு வயது.

திதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசை. அதனால் ஆடி அமாவாசை தவறாமல் தாத்தா கோலகங்சார் போய்ப் பேராக் ஆற்றில் தர்ப்பணம் கொடுப்பார். பிறகு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் படையல். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் சிறுவயதிலிருந்தே போய் வந்திருக்கிறேன். தாத்தா போன வருடம் ஆனி மாதம் காலமானார். தலைத்திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை இது. இந்த முறை எள்ளும் தண்ணீரும் விட்டது அப்பா.

விடிந்தும் விடியாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். பண்டாரம் கோத்திரம் கேட்டார். தெரியாதவர்கள் சொல்கிற வழக்கப்படி சிவ கோத்திரம் என்றார் அப்பா. அடுத்து மூன்று தலைமுறைப் பெயர்கள். முதலில் தாத்தாவின் பெயர். அதைச் சொல்லும்போது அப்பாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டாவது, சயாமுக்குப் போனவர். மூன்றாவது, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய முதல் ஆள். தாத்தா இன்னும் ஒரு பெயர் சொல்வார். ஊரிலேயே இருந்துவிட்ட பெரியவர் அவர். மூன்று தலைமுறைக் கணக்கில் இனி அந்தப் பெயருக்கு இடமில்லை. பண்டாரம் கேட்காமலே அப்பா அதையும் சொல்லி, இன்னொரு கை தண்ணீர் விட்டார்.

ஆற்றிலிருந்து தாத்தா நேரே கோயிலுக்குப் போக மாட்டார். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது கித்தா (ரப்பர்) கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாய் நிற்கிறது. பிரேசில் நாட்டு விதை லண்டன் போய், கன்றாகிச் சிங்கப்பூர் வந்து, பின் இங்கே வந்தது. அந்த மரத்தைத் தாத்தா மூன்று முறை வலம் வருவார். "நம்மள இங்க கூட்டிட்டு வந்தது இதுதான்யா" என்பார். அது நன்றியா ஆற்றாமையா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடிந்ததில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும். இந்த மரம் இல்லையென்றால் கப்பலும் இல்லை, தோட்டமும் இல்லை, சயாமும் இல்லை. நாங்களும் வலம் வந்தோம்.

தாத்தாவின் பக்தியை விளங்கிக்கொள்ள அவருடைய வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் அப்பா சயாமுக்குப் போன பிறகு, தன் அம்மாவோடு தீம்பாருக்கு (மரம் வெட்டும் காட்டுக்கு) போய், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்துப் பழகியவர் அவர். பதின்வயதில் அவர் கைக்கே உளி வந்தது. பால் மரம் வெட்டுவது வெறும் கீறல் வேலையன்று. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், உளி உள்ளே கட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி, பிறகு உளி சரியாக ஓடாது. அவசரத்தில், இருட்டில், எல்லார் கையிலும் அது நேர்வதுதான். தோட்டத்துக் கணக்கரான கிராணி கண்டால் ஏசுவார், அதோடு போயிற்று. தாத்தாவுக்கு அதோடு போகாது. சாயங்காலம் குளித்துவிட்டு அம்மன் முன்னால் நின்று, "இன்னைக்கு ரெண்டு மரத்துல காயம் பட்டுப்போச்சு தாயி" என்று சத்தமாகவே சொல்வாராம். பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சம்பளம் கூட வேண்டும், மழை நிற்க வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லையாம். அன்றைக்குக் காயப்படுத்தியதை ஒப்புவிப்பதுதான் அவர் வழிபாடு. எத்தனையோ தலங்களுக்குப் போயிருக்கிறேன். அதைவிடப் பெரிய பிரார்த்தனையை நான் எங்கும் கேட்டதில்லை.

அவர் வாழ்ந்த காலமும் சாதாரணக் காலமன்று. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. 1960-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கலாம் என்று அழைத்தபோது, தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நெடுநாள் காத்திருந்து, குடிமக்களுக்கான நீல அட்டை பெற்றார்.

பிறகு கித்தாவை அழித்துப் பாமாயில் தரும் செம்பனை போட்டார்கள். மரங்கள் சாய்ந்த நாளில் தாத்தா கோயிலை விட்டு நகரவே இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையும் இடித்தார்கள். குடும்பங்கள் டவுனுக்குக் குடிபெயர்ந்தன. கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் நின்றது. தாத்தா டவுன் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து விளக்கேற்றுவார். முட்டி வலி வந்த பிறகு அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொங்கல் பானை வைத்தாகிவிட்டது. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். தாத்தா ஏற்றி வந்த விளக்கை இப்போது பக்கத்து லயத்து அக்காவின் மகன் பார்த்துக்கொள்கிறான். திரி, எண்ணெய் எல்லாம் சுத்தம். அம்மனுக்கு அபிஷேகம் முடிந்து, முனியாண்டிக்குப் பூசையானதும் இரண்டு இலை போட்டோம். சயாம் தாத்தாவின் இலையில் எப்போதும் வெள்ளைச் சோறு குவித்து வைக்க வேண்டும், மரவள்ளிக்கிழங்கு வைக்கவே கூடாது. சோற்றுக்கு ஏங்கிப் போன மனிதர் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். தாத்தாவின் இலையில் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயாசம், ஓரத்தில் ஒரு டம்ளர் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி). சீனி அதிகமாகப் போட்டேன். கடைசி வருடங்களில் சீனி வியாதியால் அவருக்கு அதைக் கொடுக்காமலே வைத்திருந்தோம்.

படையல் முடிந்ததும் ஒரு பெரியம்மா அப்பாவிடம் வந்து, தன் மாமனாரும் சயாமுக்குப் போனவர்தான், இதுவரை அவருக்கு ஒன்றும் செய்ததில்லை என்று அழுதார். அப்பா அவரை உட்காரவைத்து, மூன்றாவதாக ஓர் இலை போட்டார். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தால் ஆடி அமாவாசைக்கு ஆற்றுக்கோ கடற்கரைக்கோ போய்விட்டு வாருங்கள். பெயர் மறந்திருந்தால் சயாமுக்குப் போன தாத்தா என்று சொல்லுங்கள். அந்தப் பெரியம்மாவுக்கும் மாமனார் பெயர் தெரியவில்லை. பண்டாரம் அப்படியே சொல்லித்தான் பூசை செய்தார்.